இரண்டு மொழி தெரிந்தவர்களைப் பற்றிய தவறான கணக்குகள்

தமிழில் பேசும்போது ஆங்கிலம் தூங்கிக்கொண்டிருக்கும், ஆங்கிலத்துக்குத் தாவியதும் தமிழ் ஒதுங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டு மொழி பேசும் பிள்ளைகளைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் எடுக்கும் பல தப்பான முடிவுகள் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்பைவியும் வியோரிகா மரியனும் இதைச் சோதித்தார்கள். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் முன் சில பொருட்களை வைத்து, அவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். தபால்தலையை எடுத்து வைக்கும்படி ரஷ்ய மொழியில் கட்டளை வரும். அதில் தபால்தலை 'மார்கு' என்று ஒலிக்கும். அந்த ஒலி கேட்டதும் பார்வை, ஒலியில் தொடர்பில்லாத மற்றப் பொருட்களைவிட அதிகமாக, அங்கே இருந்த மார்க்கர் பேனாவின் பக்கம் ஓடியது. ரஷ்ய மொழியில் அந்தப் பேனா 'ஃப்ளொமாஸ்டெர்'. கட்டளை முழுக்க ரஷ்ய மொழியில் இருந்தும், பேனாவின் ஆங்கிலப் பெயர் உள்ளே விழித்துக்கொண்டது. சொல் முடியும்வரை மூளை காத்திருப்பதில்லை. முதல் ஒலிக்குப் பொருந்தும் சொற்களையெல்லாம், எந்த மொழி என்று பாராமல் எழுப்பிவிடுகிறது.

சரி, எழுத்தே வேறாக இருந்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். வேல்ஸில் உள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தில் கியோம் தியெரியும் யான் ஜிங் வூவும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சீனர்களிடம் ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாகக் காட்டி, அவற்றுக்குப் பொருள் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். 'டிரெயின்', 'ஹாம்' (பதப்படுத்திய பன்றி இறைச்சி) என்ற இரண்டுக்கும் பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டின் சீனப் பெயரும் நெருப்பைக் குறிக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும். திரையில் சீன எழுத்தே இல்லாதபோதும், இப்படிப்பட்ட சொற்களுக்கு மூளையின் மின்னலைகள் மாறின. பதில் சொன்ன வேகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து வேறு, அதனால் ஒன்றையொன்று தொடாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்த தவறு, தடுமாற்றத்தை மறதி என்றோ பந்தா என்றோ எடுத்துக்கொள்வது. நாள் முழுக்க ஆபீஸில் ஆங்கிலம் பேசியவர் வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் திணறினால், 'தமிழே மறந்துபோச்சா?' என்று கேட்டுவிடுகிறோம். எண்களை மொழி மாற்றி மாற்றிச் சொல்லவைத்த மியூட்டர், ஆல்போர்ட் ஆய்விலும் (1999) பலவீனமான மொழிக்குப் போவதைவிடத் தாய்மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் கூடுதலாக இருந்தது. பழக்கம் குறைந்த மொழியைப் பேச, வலுவான மொழியை அதிகமாக அடக்கிவைக்க வேண்டும். அந்தப் பிடி தளரச் சற்று நேரம் ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது குழந்தைகள் விஷயத்தில் நடக்கும் தவறு. சமையலறைச் சொற்கள் தமிழில், வகுப்பறைச் சொற்கள் ஆங்கிலத்தில் என்று பிள்ளைக்குப் பிரிந்து கிடக்கும். அப்புறம் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு 'சொல்வளம் குறைவு' என்று எழுதுகிறார்கள். மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த சின்னக் குழந்தைகளை பார்பரா பியர்சன் குழுவினர் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணியபோது, ஒரே மொழிக் குழந்தைகளுக்கு அவர்கள் குறைந்துபோகவில்லை. இது தெரியாமல், 'குழந்தை குழம்புது, வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்க' என்று அறிவுரை சொல்கிறார்கள். அதைக் கேட்டு நடந்தால், ஆங்கிலம் தெரியாத பாட்டியோடு அந்தப் பிள்ளைக்குப் பேச்சே இல்லாமல் போகும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலந்து வருவது கோளாறு அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இரண்டு மொழி தெரிந்தாலே கவனமும் புத்தியும் கூடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அந்த ஆதாயம் தென்படவில்லை.

பேச்சில் உண்மையான கோளாறு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். சந்தேகம் வந்தால் ஸ்பீச் தெரபிஸ்டிடம் போங்கள். தமிழிலும் சோதித்த பிறகே முடிவு சொல்லுங்கள் என்று கேளுங்கள்.