உரையாடல் பெட்டியில் தமிழ்: சொந்தமாக ஆர்பிஜி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்பிஜி என்பது ஆடுபவர் ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் நடக்கும் கணினி ஆட்டம். அதில் ஆங்கில வசனத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழைக் கொட்டும்போதே பாதிச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. இவ்வகை ஆட்டம் செய்ய உதவும் ஆர்பிஜி மேக்கர் எம்வி மென்பொருளின் இயல்பு அமைப்பில் திரை அகலம் 816 பிக்சல், எழுத்தின் அளவு 28, பெட்டிக்கு 4 வரி. முகப்படம் வைத்தால் இடப்பக்கம் 168 பிக்சல் போய்விடும். வரி நீண்டால் எம்வி தானாக மடிக்காது, மிச்சம் வெட்டுப்படும். இதற்காக எழுத்தை எண்ணி என்டர் தட்டுவது வீண்வேலை. 'ர' எங்கே, 'கௌ' எங்கே? பிக்சலில் அளந்து மடிக்கும் பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்)தான் வழி. வரி உயரம் 36 என்றிருப்பதும் தமிழுக்குப் போதாது. மேல்வரியின் 'கூ' வாலும் கீழ்வரியின் 'கீ' கொக்கியும் உரசும். 42 ஆக்கிவிட்டு 3 வரியோடு நிறுத்துங்கள்.

அடுத்தது தட்டச்சு விளைவு, அதாவது எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றுவது. பலரும் சறுக்கும் இடம் இது. 'சொன்னான்' நமக்கு 4 எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடில் 8 குறியீடு. குறியீடு குறியீடாக வரைந்தால் முதலில் 'ச' வரும். பிறகு கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனியே வந்து நிற்கும். மெய்யின் புள்ளிக்கும் அதே கதிதான். ஜாவாஸ்கிரிப்டில் உரையைப் பிரிக்க உள்ள 'Intl.Segmenter' கொண்டு முழு எழுத்துகளாகப் பிரித்துவிட்டு வரையுங்கள். அதுவும் 'க்ஷ'வை இரண்டாக உடைக்கும் என்பதால் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டுக்கும் தனி விதி எழுத வேண்டும்.

ஆட்டம் செய்யும் இன்னொரு மென்பொருளான கோடோவில் எழுத்துக் கோர்ப்பு, அதாவது குறியீடுகளை இணைத்து முழு எழுத்தாக வரைவது, 4ஆம் பதிப்பில்தான் வந்தது. தமிழ் வசனத்துக்கு 3ஐத் தொடவேண்டாம். 4இலும் ஒரு கண்ணி உண்டு. வெளிப்படும் எழுத்துகளைக் கோர்ப்புக்கு முன்பே நறுக்குவதுதான் இயல்பு அமைப்பு. வரி முறிவைக் கணக்கிடும்போது மறைந்திருக்கும் பகுதி சேராது. அதனால் வரியின் ஓரத்தில் பாதி தெரிந்த சொல் திடீரென அடுத்த வரிக்குத் தாவும். 'கோர்ப்புக்குப் பின்' என்ற விருப்பத்துக்கு மாற்றினால் தாவாது.

வீரரின் பெயரை மாறியாக (ஆடுபவர் தரும் பெயர் வந்து நிரம்பும் இடமாக) வைத்து அதன் வாலில் வேற்றுமை உருபை ஒட்டுவது இன்னொரு தவறு. மாறியை அடுத்து 'க்கு' என்று எழுதினால் 'செல்விக்கு' சரியாக வரும். 'கண்ணன்க்கு', 'மாலாக்கு' என்று மற்றவை பல்லிளிக்கும். பெயரை விளியாக முன்னால் நிறுத்திவிட்டு 'கண்ணன், இது உனக்கு' என்று எழுதுங்கள். பொருள்களின் பெயர் நம் கையில் இருப்பதால் அங்கே தீர்வு எளிது: தரவுப் பட்டியலில் 'வாள்', 'வாளை', 'வாளுக்கு' என்று மூன்று கட்டங்கள் போட்டுவிடலாம். ஆணா பெண்ணா என்பதை ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் ஆட்டமென்றால் 'வந்தான்', 'வந்தாள்' இரண்டையும் நிபந்தனையில் எழுதுங்கள், அல்லது 'வந்தார்' என்று முடியுங்கள். எண்ணிக்கை மட்டும் நமக்குத் தொல்லை தருவதில்லை: '1 கனி', '3 கனி' இரண்டுமே சரி.

நிறத்தில் கஞ்சத்தனம் நல்லது. இடப்பெயருக்கு ஒன்று, முக்கியப் பொருளுக்கு ஒன்று போதும். எம்வியில் நிறக் குறியீட்டைப் போட்டால் சொல் முடிந்ததும் 0ஆம் நிறத்துக்குத் திரும்பும் குறியீடும் வேண்டும்; மறந்தால் பெட்டி முடியும்வரை அதே நிறம் ஓடும். மனத்துக்குள் பேசுவதைக் காட்டச் சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது கிடையாது. இயந்திரம் நேரெழுத்தையே சாய்த்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது. பிறை அடைப்புக்குறி போதும்.

எம்வி வசனத்தில் கால் நொடி நிறுத்தத்துக்கு \. குறியும், ஒரு நொடிக்கு \| குறியும் உள்ளன. காற்புள்ளிதோறும் இவற்றைத் தூவினால், தோற்றுவிட்டு அதே வசனத்தை மூன்றாம் முறை பார்ப்பவர் பல்லைக் கடிப்பார். அவர் பொத்தானை விடாமல் தட்டுவார். வசனத்தைத் தள்ளும் அதே பொத்தான்தான் தேர்வையும் உறுதிசெய்கிறது என்றால், 'ஆம்', 'இல்லை' தோன்றிய கணமே 'ஆம்' விழுந்துவிடும். தேர்வுப் பட்டியல் திறந்ததும் 0.3 நொடிக்கு உள்ளீட்டை ஏற்காமல் விடுங்கள். திரும்பப் பெறமுடியாத தேர்வுகளில் சுட்டியை 'இல்லை' மீது வையுங்கள்.