காப்பிக்கொட்டையில் இல்லாத சர்க்கரை

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டைக்கு ஸ்பானிஷ் லேபிள் ஒட்டி ஸ்பெயினுக்கு மாதிரி அனுப்பினால், அங்கிருந்து ஒரே கேள்வி: சர்க்கரை எவ்வளவு சேர்க்கிறீர்கள்? நாங்கள் சிக்கரி கூடச் சேர்ப்பதில்லை. வறுக்கும் டிரம்மைக் கழுவிப் பார்த்தோம், சேலத்தில் பாக்கெட் போடுகிற இடத்திலும் விசாரித்தாச்சு. மொழிபெயர்ப்பு ஆப்பை மாற்றினால் அதுவும் லேபிள் சரிதான் என்கிறது. கடைசியில் ஸ்பெயின் காப்பி பாக்கெட்டுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 'வறுத்த' என்பதற்கு எங்கள் லேபிளில் இருந்தது 'தொர்ரெஃபாக்தோ', அகராதியில் தப்பில்லை, ஆனால் ஸ்பெயினில் அது சர்க்கரை போட்டு வறுத்து, கறுத்துப் பளபளக்கிற கொட்டைக்குத்தான் (100 கிலோவுக்கு 15 கிலோ வரை போடலாமாம்!). வெறுமனே வறுத்தது 'தோஸ்தாதோ', பாக்கெட்டில் 'துவெஸ்தே நாதுரால்' என்று போடுகிறார்கள். அப்படியே மாற்றி அனுப்பினேன். அப்பாடா, அப்புறம் சர்க்கரைப் பேச்சே இல்லை, விலைதான் கேட்டார்கள்.