கடற்கரையில் ஆண்பிள்ளை வளர்ப்பு

ஆண்பிள்ளையை வலிமையுள்ளவனாக வளர்க்க விரும்பும் பெற்றோர், முதலில் அவனை அடுப்படிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் மூழ்கி எழுந்து வீடு திரும்பும்போது, பன்னிரண்டு வயது மகன் சோறு வடித்து வைத்திருந்தால், அதைத் தாய்க்குச் செய்த உதவியாக அன்றி, உண்ணும் வீட்டில் அவனுடைய பங்காகவே கருத வேண்டும். பாராட்டும் அளவோடு இருக்கட்டும். அக்காள் அதே வேலையைச் செய்யும்போது யாரும் கைதட்டுவதில்லை.

கைத்திறன் பழக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், தந்தைக்கும் ஓய்விருக்கும், பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதனுடன் சேர்ந்துவரும். கிழிந்த வலையின் ஒரு மூலையை அவனிடம் கொடுத்து, கண்ணியின் அளவு தவறினால் திட்டாமல், முடிச்சை அவிழ்த்து மீண்டும் போடச் சொல்லுங்கள். பொறுமையிழந்து நாமே வாங்கி முடித்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. தொழில் பழகுவதற்காகப் படிப்பை நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

படகு திரும்பத் தாமதமாகும் இரவுகளில், ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா’ என்று அதட்டாமல், அவனுடைய அச்சத்தைச் சொல்லவிடுங்கள். புயல் எச்சரிக்கையைக் கேட்டுக் கரையிலேயே நின்றுவிட்ட தந்தை கோழை அல்லர் என்பதை, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளைக் காட்டி விளக்கலாம். கைபேசியை அவனிடம் கொடுக்கும் நாளிலேயே, எந்தப் பெண்ணின் படத்தையும் அவளுடைய அனுமதியின்றிப் பகிரக் கூடாது என்று தந்தையே சொல்லிவிட வேண்டும்.