ஆப்பிரிக்கச் சர்ப்பகந்தி வேர்: ஆய்வுக்கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சார், இந்தப் புள்ளி எந்தக் கட்டுரையிலும் இல்லை” என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் சென்ற மாதம் டி.எல்.சி. தகட்டை (சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகடு) யூ.வி. விளக்கின் கீழ் நீட்டினார். மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளியில் அந்தப் புள்ளி அழகாகத்தான் மின்னியது. எனக்கு வாழ்த்தத் தோன்றவில்லை. சாற்றுக் குடுவையை எங்கே வைத்திருக்கிறார் என்றுதான் கேட்டேன். ஜன்னலோரத்தில் இருந்தது. நைஜீரியாவின் இபாதான் நகரில் நான் வேலை கற்றுக்கொண்ட நாட்களில் என்னுடைய குடுவையும் ஜன்னலோரத்தில்தான் இருந்தது.

அவர் கையிலிருந்தது ரவுல்ஃபியா வாமிட்டோரியாவின் வேர். அலரிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி மேற்கே செனகல் முதல் கிழக்கே சூடான் வரையும், தெற்கே அங்கோலா வரையும் வளர்கிறது; நம்முடைய சர்ப்பகந்திக்கு நெருங்கிய உறவு. மனநோயால் கொந்தளிப்பவர்களை அடக்க இதன் வேரைக் கொடுப்பது நைஜீரியாவில் பழைய வழக்கம். வாந்தி எடுக்க வைக்கும் என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது, எடையைத் தவறாகக் குறிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் சொல்லாமலேயே திருத்திக்கொள்ளலாம்.

சர்ப்பகந்தியின் கணக்கை இதற்குப் போடுவது

அல்கலாய்டுகள் எனப்படும், செடிகள் உண்டாக்கும் நைட்ரஜன் சேர்மங்களில் அஜ்மலினை 1931-இல் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி பிரித்தெடுத்ததும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்பினை 1952-இல் சீபா நிறுவன வேதியியலாளர்கள் பிரித்தெடுத்ததும் சர்ப்பகந்தி வேரிலிருந்துதான். சர்ப்பகந்தியில் இவை எவ்வளவு உண்டோ அந்த அளவுகளை அப்படியே ஆப்பிரிக்க வேருக்கு எழுதிவிடுகிறார்கள். சர்ப்பகந்தி முழங்கால் உயரச் செடி; இதுவோ மரமாகவே வளரும். ரெசர்பினும் இதில் பொதுவாகக் கூடுதல்.

வேரைத் தேய்த்துக் கழுவுவது

அல்கலாய்டுகளின் பெரும்பகுதி வேர்த்தோலில் இருக்கிறது. பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்த வேரில் மிஞ்சுவது விறகு.

வெளிச்சத்தில் வைப்பது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கரைசலில் இருக்கும் ரெசர்பின் வெளிச்சமும் காற்றும் பட்டால் தன் மூலக்கூற்றிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து 3,4-டீஹைட்ரோரெசர்பினாக மாறிவிடும். அந்த மாற்றுப்பொருள்தான் மஞ்சள் பச்சையாக ஒளிர்வது. செடி செய்த பொருள் அன்று, நம் ஜன்னல் செய்தது. இது ரகசியமும் அன்று. மாத்திரையில் ரெசர்பின் எவ்வளவு என்று அளப்பதற்காக, அமிலத்தில் நைட்ரைட் சேர்த்து வேண்டுமென்றே இந்த ஒளிர்பொருளை உண்டாக்கும் முறையே மருந்துத் தரநூல்களில் இடம்பெற்றிருந்தது.

எனக்கு அது தெரியவில்லை. ஐந்து மாதங்கள் சாற்றைச் சிலிக்கா தூணில் (பொருள்களைப் பிரிக்க, சிலிக்காத் தூள் நிரப்பிய குழாய்) ஊற்றி ஊற்றி அந்தப் புள்ளியின் பொருளை 11 மில்லிகிராம் சேர்த்தேன். சேர்க்கச் சேர்க்கப் புள்ளி பெருத்தது, அருகிலிருந்த ரெசர்பின் மெலிந்தது. பிரிகை நன்றாக நடக்கிறது என்று மகிழ்ந்தேன். மூலக்கூற்றின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் 607 என்று வந்தது. எங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிபார்க்க அன்றாடம் காலையில் செலுத்தியது ரெசர்பின்தான், அதன் உச்சி 609-இல் விழுவதை நூறு முறையாவது பார்த்திருப்பேன். ஆனாலும் 609-இலிருந்து இரண்டைக் கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வெளியூர் ஆய்வகத்தில் பணம் கட்டி என்.எம்.ஆர். (மூலக்கூற்றின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுத்து, கட்டுரையின் முதல் வரைவையும் எழுதிய பிறகு, ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் புதுச் சாற்றை அலுமினியத் தாளில் சுற்றி வைத்து மறுநாள் தகட்டில் இட்டுக் காட்டினார். புள்ளி இல்லை.

ஆகவே ஆம்பர் பாட்டில், அலுமினியத் தாள், இரவு முழுவதும் மேசையில் விடாமை ஆகியவற்றோடு இன்னொன்றையும் செய்யுங்கள்: விலைக்கு வாங்கிய தூய ரெசர்பினை உங்கள் சாற்றோடு அதே கரைப்பானில், அதே நாட்கள், அதே படிகள் வழியாகக் கொண்டுசெல்லுங்கள். அதிலும் அந்தப் புள்ளி தோன்றினால் அது உங்கள் கண்டுபிடிப்பு அன்று. அமிலத்தோடு சூடாக்கினால் வேறொரு சிக்கல் உண்டு. ரெசர்பின், அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்த 3-ஐசோரெசர்பினாகத் திரும்பிவிடும், அதன் நிறையும் அதே 609-இல் விழுவதால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உங்களைக் காப்பாற்றாது.

ரோட்டரி எவாப்பரேட்டரின் சூடு

கரைப்பானை ஆவியாக்கிச் சாற்றைச் சுண்டவைக்கும் கருவி இது. 40 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டாம்.

டைகுளோரோமீத்தேனில் நாட்கணக்கில் விடுவது

அல்கலாய்டுகளோடு வினைபுரியும். விடாதீர்கள்.

எல்லாவற்றையும் ரெசர்பின் தலையில் கட்டுவது

நரம்பு முனைகளில் நோரட்ரினலின், டோபமின், செரட்டோனின் ஆகிய செய்திகடத்திகள் சேமிப்புப் பைகளுக்குள் ஏறுவதை ரெசர்பின் தடுக்கிறது. இருப்பு தீர்ந்ததும் இரத்த அழுத்தம் இறங்கும், மனம் அடங்கும், சிலருக்கு மனச்சோர்வும் வரும். அதே வேரிலுள்ள அஜ்மலின் இதயத்தின் சோடியம் வாயில்களை அடைக்கிறது; அதனால்தான் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும் புருகாடா நோயைக் கண்டறியும் சோதனையில் அதை ஊசியாகச் செலுத்துகிறார்கள். இதே வேரின் இன்னோர் அல்கலாய்டான யோகிம்பினோ இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. இவை கலந்த முழுச் சாற்றை எலிக்குக் கொடுத்துவிட்டு, இறங்கிய அழுத்தத்துக்கு ஒரே பொருளைக் காரணமாக எழுதுவதை எந்தத் தேர்வாளரும் ஏற்கக்கூடாது.

வீட்டில் கஷாயம் வைப்பது

ரெசர்பின் மாத்திரைகள் 0.1, 0.25 மில்லிகிராம் அளவில் வந்தவை. அதைக் கரண்டியால் அளக்க முடியாது.