ரீஸ்டோர் பாதியில் நின்றால் முதலில் ஃபைலின் வாலைப் பாருங்கள்

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பேக்கப்பை ரீஸ்டோர் செய்யும்போது பாதியில் நின்றுவிட்டால், எடுத்த எடுப்பில் சர்வர் செட்டிங்கை மாற்றத் தொடங்காதீர்கள். டம்ப் ஃபைலின், அதாவது பேக்கப் எழுதப்பட்ட ஃபைலின், கடைசி வரியைப் பாருங்கள். பேக்கப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் வேலையை ஒழுங்காக முடித்திருந்தால், அங்கே 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று ஒரு கமென்ட் இருக்கும், வழக்கமாகத் தேதியோடு. அது இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் பேக்கப்பிலேயே இருக்கிறது, ரீஸ்டோரில் இல்லை. ஒரு கடையின் பில்லிங் டேட்டாவை மீட்க ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பார்த்தால் டிஸ்க் நிரம்பி டம்ப் நடுவில் அறுந்திருந்தது. அதுவும் டம்ப்பை நேராக ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப்புக்கு பைப் செய்தால் (அப்படியே கைமாற்றினால்), டம்ப் தோற்றாலும் ஜிஜிப் வெற்றி என்றே சொல்லும், அதனால் ஸ்கிரிப்டில், நடுவில் ஒன்று தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று காட்டும் 'பைப்ஃபெயில்' செட்டிங்கைப் போட்டே ஆக வேண்டும்.

சரி, வால் நன்றாக இருக்கிறது, ஆனால் 2006 எரர், 'சர்வர் ஹேஸ் கான் அவே' என்று வருகிறதா? பெரும்பாலும் படமோ பிடிஎஃப்போ வைத்திருக்கும் டேபிளில் ஒரு இன்சர்ட் (டேட்டாவை ஏற்றும் கட்டளை) அளவு மீறியிருக்கும். ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அளவுக்கு எல்லை வைக்கும் 'மேக்ஸ் அலவ்ட் பாக்கெட்' செட்டிங் மைஎஸ்க்யூஎல் 8.0 சர்வரில் இயல்பாக 64 எம்பி, ஆனால் கட்டளையை அனுப்பும் கிளையன்ட்டில் 16 எம்பிதான், எனவே இரண்டு பக்கமும் உயர்த்துங்கள். உச்சம் 1 ஜிபி. சர்வர் முழுக்கப் பொருந்தும்படி குளோபலாக மாற்றினால் புதிய கனெக்‌ஷனுக்குத்தான் அது பொருந்தும், வெளியே வந்து மறுபடி உள்ளே போங்கள். அப்புறம், லைவ் டேட்டாபேஸ் மேல் ரீஸ்டோரைச் சோதித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள், தனியாக ஒரு காலி டேட்டாபேஸில் ஏற்றி டேபிள்களை எண்ணிப் பாருங்கள்.