பிளஸ் டூ கணிதத்துக்கு உதவி தேடும் மாணவர்களுக்கு

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தால்தான் பிளஸ் டூ கணிதத்தில் நல்ல மதிப்பெண் வரும் என்ற எண்ணம் கொங்கு மாவட்டங்களின் பெற்றோரிடம் வேரூன்றியிருக்கிறது. கோபியிலோ பொள்ளாச்சியிலோ அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவருக்கும் தேவையானவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன என்பதை அவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மாநிலப் பாடத்திட்டத்தின் கணிதப் பாடநூல் இரண்டு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்களில் 35 மதிப்பெண்கள், படிகளை விரிவாக எழுத வேண்டிய ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு உரியவை என்பதால், பயிற்சிக் கணக்குகளுக்கு முன் எடுத்துக்காட்டுக் கணக்குகளை விடையை மூடி வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும்.

ஐயம் கேட்கும்போது "கலப்பு எண்கள் புரியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், போட்டுப் பார்த்த படிகளோடு நோட்டை ஆசிரியரிடம் நீட்டுங்கள். மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி இரண்டும் −1 ஆக உள்ள எண்ணின் முதன்மை வீச்சை (மெய் அச்சுடன் அது அமைக்கும் கோணத்தை) 45 பாகை எனப் பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த எண் மூன்றாம் கால்பகுதியில் இருப்பதால் சரியான விடை −135 பாகை. இத்தகைய பிழையை, எழுதிய படிகளைப் பார்த்தால் ஆசிரியர் ஒரு நிமிடத்தில் சுட்டிக்காட்டிவிடுவார்.

ஐஐடி போன்ற பொறியியல் கல்வி நிறுவனங்களுக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வை எழுத நினைப்பவர்கள், சிபிஎஸ்இ பள்ளிகளில் பயன்படும் என்சிஇஆர்டி பாடநூல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவையும் இணையத்தில் இலவசம்தான். வீட்டில் அமைதி இல்லையென்றால், கோவை, ஈரோடு போன்ற ஊர்களின் மாவட்ட மைய நூலகங்களில் உட்கார்ந்து, பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கணக்கிட்டு எழுதிப் பாருங்கள்.