வேலூர்க் கோட்டையை ஆற்காட்டிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

வேலூர்க் கோட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அகழியோரம் ஒரு செல்ஃபி, ஜலகண்டேஸ்வரருக்கு ஒரு கும்பிடு, அத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தப் பக்கம் எப்படிக் காலூன்றினான், எங்கே அடி வாங்கினான் என்று பார்க்க ஒரு நாள் ஒதுக்க முடியுமானால் காலையில் நேராக ஆற்காட்டுக்குப் போய்விடுங்கள், கோட்டை மதியத்துக்கு இருக்கட்டும்.

ஆற்காட்டில் பெரிய கோட்டையை எதிர்பார்க்காதீர்கள். பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்ற வாசல்தான் முக்கியமான மிச்சம். 1751-ல் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் வந்து கோட்டையைப் பிடித்தார், பிரெஞ்சுக்காரர் ஆதரவோடு ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் ஐம்பது நாள் முற்றுகை போட்டும் மீட்க முடியவில்லை. கிளைவ் புகழ் பாடுகிறவர்கள் அந்த 300 பேரைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். நீங்கள் தாண்டாதீர்கள், 1806-ல் வேலூரில் கம்பெனியையே எதிர்த்து எழுந்த, அவர்கள் வழிவந்த சிப்பாய்கள்தான் கதையே. (இந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்குவதென்றால் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.)

வண்டி இருந்தால் சோளிங்கருக்கும் போகலாம். போர் நினைவாகப் பார்க்க அதிகமில்லை, ஆனால் அமெரிக்கச் சுதந்திரப் போர் நம்ம ஊர்ப் பக்கம் வந்து முட்டிய இடம் இது. பிரான்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்ததும் ஆங்கிலேயர் இங்கே பிரெஞ்சு ஊர்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள், 1779-ல் மைசூருக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்த பிரெஞ்சுத் துறைமுகம் மாஹேயும் போனதில் மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்குக் கோபம், அடுத்த வருஷமே ஆங்கிலேயரின் கூட்டாளியான ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கி ஆற்காட்டைப் பிடித்து வேலூரையும் வளைத்துக்கொண்டார். 1781 செப்டம்பர் 27-ல் சோளிங்கரில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஹைதரை வென்றார். சரியாக 22 நாள் கழித்து அமெரிக்காவின் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் சரணடைந்தார். ஆமாம், அதே காரன்வாலிஸ்தான், பிறகு இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து 1792-ல் ஹைதரின் மகன் திப்புவிடம் பாதி ராஜ்யத்தைப் பிடுங்கியவர். பென்சில்வேனியாக்காரர்கள் 1782-ல் தங்கள் போர்க்கப்பலுக்கே ஹைதர் அலி பெயரை வைத்து, ஆங்கிலேயக் கப்பல் ஒன்றையும் பிடித்தார்கள்!

அப்புறம் வேலூருக்கு பஸ் ஏறுங்கள். சுமார் 25 கிலோமீட்டர். 1806 ஜூலை 10 காலையில், வேலூர்ச் சிப்பாய்களின் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்ததும் இவ்வளவு தூரம்தான். நெற்றியில் சாதி, மதக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை என்று போட்ட உத்தரவுகளில் கொதித்திருந்த சிப்பாய்கள், கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு குடும்பத்தில், திப்புவின் மகள் கல்யாண இரவு முடிவதற்குள் கோட்டையைப் பிடித்து மைசூர்க் கொடியை ஏற்றிவிட்டார்கள். கில்லெஸ்பி கயிறு பிடித்து மதில் ஏறினார், பீரங்கி வந்து கதவை உடைத்தது, அப்புறம் நடந்தது படுகொலை. பிடித்த சிப்பாய்களில் நூறு பேர் அளவில் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

உள்ளே திப்பு மகாலும் ஹைதர் மகாலும் பார்த்துவிட்டு வெளியே வந்து, கோட்டைக்கு அருகே உள்ள பழைய ஐரோப்பியக் கல்லறை, ஒரு கிலோமீட்டர் தள்ளி திப்பு குடும்பத்தார் சமாதிகள், இரண்டையும் ஒரே மாலையில் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். மக்கான் சிக்னலில் சிப்பாய்களுக்கான நினைவுத்தூண் இருக்கிறது, பஸ் ஏறும் முன் நின்று பார்க்கலாம். ஜூலை 10 அன்று போகிறீர்களா, வரிசையை மாற்றிக் காலையிலேயே தூணுக்குப் போய்விடுங்கள், அன்று அங்கே அஞ்சலி செலுத்துவார்கள்.